மாணவர் கடன் நீக்கமும் இனச் செல்வ வேறுபாடும்

கடன் வாங்கியவரே அதைத் தீர்க்க வேண்டும் என்பது பொதுவான அறம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாணவர் கடனை நீக்குவது பற்றி எழுந்த விவாதத்தில் இக்கருத்தே பெரிதும் வலியுறுத்தப்பட்டது. ஆயினும், கடன்படாமல் கற்க இயன்றவர் யார், இயலாதவர் யார் என்று வினவாமல் இக்கடனின் தன்மையை நாம் உணர முடியாது.

அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் தலையாய சொத்து வீடே. 1934-இல் நிறுவப்பட்ட மைய அரசின் வீட்டுவசதி நிறுவனம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்தபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. போரிலிருந்து திரும்பிய வீரருக்குக் கல்வியும் வீடும் கிடைக்க வழிசெய்த 1944-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லளவில் அனைவருக்கும் பொதுவானது. நடைமுறையிலோ வங்கிகளும் கல்லூரிகளும் கடைப்பிடித்த இன ஒதுக்கலால் கறுப்பின வீரர் பலர் அதன் பயனை இழந்தனர். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு 1968-இல் தடைசெய்யப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரு சாராரிடமே குவிந்துவிட்டது.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, செல்வ வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினது 44,900 டாலர். பெற்றோரின் சொத்து துணைசெய்யாத இடத்தில் கடனே துணையாகிறது. பட்டம் பெறும் நாளில் கறுப்பின மாணவரின் கடன் வெள்ளை மாணவரின் கடனைவிடச் சராசரியாக 7,400 டாலர் மிகுதி என்றும், வட்டியாலும் மேற்படிப்புக் கடனாலும் நான்கே ஆண்டுகளில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 25,000 டாலராகிறது என்றும் 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

2022 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பைடன், குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு 10,000 டாலரும், வறிய மாணவருக்கான பெல் உதவித்தொகை பெற்றோருக்கு 20,000 டாலர் வரையும் கடன் நீக்கம் அறிவித்தார். அதற்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை என 2023 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைத் தள்ளியது.

அத்திட்டம் நிறைவேறியிருப்பினும் போதுமானதாக இருந்திருக்குமா? 20,000 டாலர் என்பது மேற்கண்ட சொத்து இடைவெளியில் பன்னிரண்டில் ஒரு பங்கே. திருமறை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது ஈண்டு நோக்கத்தக்கது. உபாகமம் 15-ஆம் அதிகாரம் கடனை விடுவிக்கிறது; லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்து யூபிலி ஆண்டோ இழந்த நிலத்தையே திரும்ப அளிக்கிறது. முன்னது சுமையை இறக்குகிறது. பின்னது வேரை மீட்கிறது. மேலும், விடுதலை பெறும் அடிமையை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பதும் உபாகமத்தின் அதே அதிகாரத்துக் கட்டளையாகும்.

எனவே கடன் நீக்கம் தேவையானது. ஆனால் அது நீதியின் தொடக்கமே அன்றி நிறைவன்று.