கோள எரிபொருளை உறிஞ்சி மீட்டெடுத்தல்

கோள எரிபொருளை உறிஞ்சி மீட்டெடுத்தல் என்பது, கூழாங்கற்படுகை அணு உலைகளின் எரிபொருள் உருண்டைகளைச் சேமிப்புக் கலத்திலிருந்து வளிம ஓட்டத்தின் உதவியால் குழாய்வழியே வெளியே எடுக்கும் முறையாகும். ஒவ்வோர் உருண்டையும் 60 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 200 கிராம் நிறையும் உடையது. பூச்சிடப்பட்ட யுரேனிய எரிபொருள் துகள்கள் ஆயிரக்கணக்கில் அதன் கிராஃபைட்டுக்குள் பதிந்திருக்கும்.

கல்பாக்கத்தின் அழுத்தக் கனநீர் உலைகளில் எரிபொருள் கோல்கட்டுகளுக்குக் குறித்த இடம் உண்டு. எந்திரம் அவற்றைத் தள்ளி மாற்றுகிறது. உருண்டைகளோ கலத்தில் தாறுமாறாகக் குவிந்து கிடப்பவை. சீனாவின் சாண்டோங் மாகாணத்தில் 2023 டிசம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்த எச்.டி.ஆர்.-பி.எம். நிலையத்தில் ஒவ்வோர் உலையிலும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் உள்ளன. உலையைப் பழுதுபார்க்க இவற்றை வெளியேற்றினால், முழுதும் எரியாதவற்றை மீண்டும் உள்ளே இட வேண்டும்.

செயல்படும் விதம்

கலத்தின் மேலிருந்து ஒரு குழாய் இறக்கப்படுகிறது. மறுமுனையில் உள்ள விசிறி வளிமத்தை உறிஞ்சுகிறது. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் பஞ்சு குழாய்வழியே இழுக்கப்படுவதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் பஞ்சு உடையாது.

உருண்டையின் எடை சுமார் 2 நியூட்டன். குறுக்குப் பரப்பு 28 ச.செ.மீ. ஆகவே, குழாய்க்குள் அதைத் தாங்கி நிறுத்த ஏறத்தாழ 700 பாஸ்கல் அழுத்த வேறுபாடு போதும். இது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடினம் தொடக்கத்தில்தான். குழாயின் வாய்க்கு வெளியே இருக்கும் உருண்டையைச் சுற்றி வளிமம் எளிதில் நழுவிவிடும். எனவே அதை அசைக்க அதிக ஓட்டம் தேவைப்படுகிறது. உள்ளே புகுந்தபின் அதே ஓட்டம் உருண்டையை வேகமாக வீசிவிடும் என்பதால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அவசியம்.

தூசும் அடைப்பும்

உருண்டைகள் உரசும்போது கிராஃபைட் தூசு உண்டாகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆதலால் கசிவு ஏற்பட்டாலும் வெளிக்காற்றே உள்ளே வரும். தூசை வடிகட்டியில் பிடிக்கலாம். உயரழுத்தக் குழாய்களில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மேற்கு ஜெர்மனியின் டி.எச்.டி.ஆர்.-300 உலையில் 1986 மே 4 அன்று ஊட்டுகுழாயில் சிக்கிய உருண்டையை விடுவிக்க முயன்றபோது, ஈலியத்துடன் கதிரியக்கத் தூசும் வெளியேறியது. செர்னோபில் விபத்து நிகழ்ந்து எட்டு நாட்களே ஆகியிருந்ததால், சுற்றுப்புறத்தில் அளக்கப்பட்ட கதிரியக்கத்தில் எது எந்த உலையினுடையது என்பது சர்ச்சையாயிற்று. அவ்வுலை 1989-இல் மூடப்பட்டது.

இந்தியாவில்

பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்துள்ள 600 மெகாவாட் வெப்பத்திறன் உயர்வெப்ப உலை வடிவமைப்பும் கூழாங்கற்படுகை வகையே. அதன் குளிர்விப்பான் உருகிய உப்பு. உருண்டைகள் அதில் மிதக்கும்.