உடல் தரும் அமைதி

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையாக விளங்குவது வங்கக் கடல். மாமல்லபுரம் முதலிய கரையோர ஊர்களில் வாழும் மீனவர்க்குக் கடலே வாழ்வு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அக்கடலே ஆழிப்பேரலையாகப் பொங்கிக் கரைமீது பாய்ந்தது. தமிழகக் கடற்கரை நெடுகிலும் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. நீர் அன்றே வடிந்தது, அச்சமோ வடியவில்லை. அலையோசை சற்று உயர்ந்தாலும் நெஞ்சு படபடக்க, உடல் வியர்க்க, பலர் உறக்கமின்றித் தவித்தனர். கடலை நம்பி வாழ்வோர் கடலையே அஞ்சினால் பிழைப்பது எங்ஙனம்?

இந்நடுக்கம் கோழைமை அன்று. உடலின் காவல் முறையே ஆகும். நமது விருப்பத்தை எதிர்பாராமல் இயங்கும் நரம்பு மண்டலம் ஒன்று உண்டு. அதில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என இரு பிரிவுகள் உள்ளன. இடர் நேருங்கால் பரிவு நரம்புகள் உடலை முடுக்குகின்றன. சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. இடர் நீங்கியபின் எதிர்ப்பரிவு நரம்புகள் உடலைத் தணிக்கின்றன. பேரதிர்ச்சிக்கு ஆளானவரிடமோ, இடரின் நினைவே அம்முடுக்கத்தை மீண்டும் எழுப்பிவிடுகிறது.

அந்நிலையில் 'அஞ்சாதே' என்னும் அறிவுரை எளிதில் பயன் தருவதில்லை. உடலுணர்ச்சியின் வழியே உள்ளத்தை அமைதிப்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதற்கு எளிய வழிகளைக் கூறுகிறது. பாதங்களைத் தரையில் ஊன்றி அத்தரையை உணர்தல், விரல்களால் மடியில் மெல்லத் தட்டுதல், சுற்றிலும் உள்ளவற்றைக் கண்டும் கேட்டும் உணர்தல், மெதுவாக மூச்சு விடுதல் ஆகியவை அவை. பாதத்தின்கீழ்க் குளிரும் மணல், 'அலை அன்று வந்தது. நான் இன்று இங்கே நிற்கிறேன்' என்பதை உள்ளத்திற்கு உணர்த்துகிறது. மூச்சை நீள வெளிவிடும்போது இதயத்துடிப்புத் தணிகிறது. முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினாலும், எதிர்ப்பரிவைச் சார்ந்த வேகஸ் நரம்பு இதயத்தின் விரைவைக் குறைக்கிறது. எனினும், இதய நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இம்முறையைக் கையாளுதல் கூடாது.

இவை முதலுதவியே, முழு மருத்துவம் அல்ல. இழந்த உறவை இவை மீட்டுத் தாரா. நடுக்கம் நாள்தோறும் தொடருமாயின் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். கால் முறிந்தவர் மருத்துவமனைக்குச் செல்ல நாணுவதில்லை. உள்ளம் நொந்தவரும் நாண வேண்டுவதில்லை. நடுங்கி நிற்பவரை இகழாமல், அருகமர்ந்து, "பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள், மெல்ல மூச்சு விடுங்கள்" என்று கூறுதல் மாணவராலும் இயலும் தொண்டாகும்.