நெசவாளர் குடும்ப மாணவர்களின் தொழில் தேர்வு

பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே மாணவர் தம் தொழிலைத் தேர்வு செய்வதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நெசவு ஊர்களில் அந்த முடிவு அதற்கு முன்பே, வீட்டுத் தறிக்கு எத்தனை கைகள் வேண்டும் என்ற கணக்கில் தொடங்கிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு அத்தகைய ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது.

பட்டுப்புடவை ஒருவரின் உழைப்பில் உருவாவதில்லை. பாவு தோய்க்கவும் ஊடைக்குத் தார் சுற்றவும் ஆள் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு, நெய்பவருடன் நாடா தள்ள இன்னொருவர் தேவை. கூலியோ புடவைக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகிறது. வெளியாளை வைத்தால் அவருக்கான சம்பளம் அந்தக் கூலியிலிருந்தே போகும். பிள்ளை உட்கார்ந்தால் அது மிச்சம். பிள்ளை தறிக்குழியில் இறங்கக் கூடாது என்று நினைக்கும் பெற்றோரும் அவசர ஆர்டர் வந்தால் அதே பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்வது சரியாகாது.

குலத்தொழிலும் கல்வியும் மோதிய பெரிய நிகழ்வு 1953இல் சென்னை மாநிலத்தில் நடந்தது. முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறுவேளை பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும். எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரம் போக அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது.

ஆசிரியரின் அறிவுரை, நண்பர்கள், மதிப்பெண் ஆகியவை எங்கும் உள்ள காரணிகள். பெண்களுக்குக் கல்லூரியின் தூரமும் திருமணப் பேச்சும் சேர்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேருவோருக்குப் புதுமைப்பெண் (2022), தமிழ்ப்புதல்வன் (2024) திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய், தறியில் இழக்கும் உதவியை ஓரளவு ஈடுகட்டுகிறது. நான் முதல்வன் திட்டம் (2022) படிப்புகள் பற்றிய தகவலைத் தருகிறது.

தறியில் உட்காராமல் இதே துறையில் நீடிக்கவும் வழி உண்டு. சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் சேரலாம்.