வங்கியின் இணைய முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் மாறியிருக்கின்றன. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதை அறிவித்தது. ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பி, அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’. நெட் பேங்கிங் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் இது ஒரு நல்ல காவல். ஆனால் முகவரியைப் படிக்கத் தெரிந்தவரைத்தான் இது காக்கும்.

இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது? பெயரைச் சொன்னால் அதற்குரிய கணினியின் எண்ணைத் தேடித் தரும் டொமைன் பெயர் அமைப்பை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அன்று இணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். பெயர் கேட்டு வருபவர் ஏமாற்றுக்காரராக இருக்கலாம் என்ற கவலை அந்த வடிவமைப்பில் இல்லை. அந்த இயல்பு இன்றுவரை தொடர்கிறது. ‘டாட் காம்’, ‘டாட் இன்’ பெயர்களை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய் கட்டிப் பதிந்துகொள்ளலாம். ஒரு வங்கியின் பெயரோடு ஒரு கோடும் ‘கேஒய்சி’ என்ற சொல்லும் சேர்த்துப் பதிந்தாலும் பதிவு முடியும்வரை தடுக்க ஆள் இல்லை. உண்மையான வங்கி பிறகு புகார் கொடுத்து அதை முடக்கலாம். அதற்குள் பணம் போய்விடும்.

இந்த அமைப்பில் வேறொரு ஓட்டையும் இருந்தது. சரியான முகவரியைத் தட்டினாலும் வழியில் பொய்யான எண்ணைப் புகுத்தி வேறு தளத்துக்குத் திருப்பிவிட முடியும் என்று 2008-இல் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டினார். அதற்கான மருந்து ‘டிஎன்எஸ்செக்’ என்ற டிஜிட்டல் கையொப்ப முறை. 2010 ஜூலையில் இணையத்தின் வேர்ப் பட்டியலுக்கே அந்தக் கையொப்பம் இடப்பட்டது. ஆனால் அது உறுதி சொல்வது ஒன்றைத்தான்: விடை அந்தப் பெயரின் சொந்தக்காரரிடமிருந்து வந்தது. சொந்தக்காரர் திருடராக இருந்தால் திருடரின் விடைக்கும் கையொப்பம் கிடைக்கும். சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னமும் அப்படியே. நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளங்களும் வாங்கி வைத்திருக்கின்றன. பூட்டு இருந்தால் பயமில்லை என்று நமக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை இப்போது மறந்தே ஆக வேண்டும்.

புதிய முகவரியின் பலம் வாசலிலேயே இருக்கிறது. ‘டாட் பேங்க் டாட் இன்’ பெயர்களைப் பதிந்து தரும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. வங்கி அல்லாத யாருக்கும் அந்தப் பெயர் கிடைக்காது.

இதைப் பயன்படுத்த ஒரு பழக்கம் வேண்டும். கடித உறையில் கதவு எண் முதலிலும் ஊர் கடைசியிலும் வருவதுபோல, இணைய முகவரியிலும் பெரியது கடைசியில்தான் இருக்கும். ‘எச்டிடிபிஎஸ்’ஸுக்குப் பின்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் சாய்கோட்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முதலில் ‘இன்’, அதற்கு முன் ‘பேங்க்’, அதற்கு முன் உங்கள் வங்கியின் பெயர் இருந்தால் சரி. ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’ என்று தொடங்கி அதற்குப் பின்னால் வேறொரு பெயரும் ‘டாட் காம்’மும் வந்தால், அது அந்த வேறொரு பெயர்க்காரரின் தளம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருந்தாலும் போலிதான். கைபேசியின் சிறிய திரையில் முகவரியின் ஒரு பகுதி மறைந்திருக்கக்கூடும். ஆகவே லிங்க்கை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டுவதுதான் நல்லது.

இந்த முகவரி எல்லாவற்றையும் தடுக்காது. வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு, ஓடிபி கேட்கும் தொலைபேசிக் குரல், இவற்றுக்கு டொமைன் பெயரே தேவையில்லை. வங்கிகளும் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது உண்டு. குறுஞ்செய்தியில் சுருக்கிய லிங்க் அனுப்பும் வழக்கத்தை அவை அடியோடு விட வேண்டும். உண்மை முகவரியை மறைக்கும் லிங்க்கை வங்கியே அனுப்பினால், வாடிக்கையாளர் எதைப் பார்த்து நம்புவார்? கிளைகளில் முதியவர்களுக்குப் புதிய முகவரியைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் வங்கியின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் நிறுத்திவைக்க முடியும். அடுத்த கணக்குக்கு மாறிக்கொண்டே போனால் பிடிப்பது கடினம். வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் ஓர் இரவைக் கடத்துபவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான். அதே வேகத்தில் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மத்திய உள்துறையின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் போகாவிட்டாலும், கண்ணில் பட்ட போலி முகவரியை அங்கே தெரிவிக்கலாம்.

வங்கியிடம் பேசும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியது 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின் விதிகள். வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட ஏற்க வேண்டியதில்லை என்று அது வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கும் அதே பாதுகாப்பை அளித்தது. போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது என்றது. ஆனால் புகாருக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்றும் சொன்னது. வாடிக்கையாளரின் அலட்சியத்தை நிரூபிக்கும் சுமையையும் அந்தச் சுற்றறிக்கை வங்கியின் தலையில்தான் வைத்தது. ‘நீங்கள்தான் ஓடிபி கொடுத்திருப்பீர்கள்’ என்று கிளையில் வாயால் சொல்லி அனுப்பினால், அதை எழுத்தில் கேளுங்கள்.

30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448. வங்கிக்கு முதலில் கொடுத்த புகாரின் நகல் இல்லாமல் அங்கே மனு நிற்காது என்பதால், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.