உங்களுக்குத் தெரியுமா? கொரோனாவின் வாசல் குடலில்தான் அதிகம்!

கொரோனா என்றதும் நினைவுக்கு வருவது நுரையீரல். ஆனால் அந்த வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மிகக் குறைவு. சிறுகுடலின் உட்சுவரில்தான் அது கொட்டிக் கிடக்கிறது! சிறுநீரகம், பித்தப்பை, விந்தகத்திலும் தாராளம்.

ஏசிஇ2 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆகவே உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. அதைப் படித்துப் புரதம் தயாரிப்பதில்தான் உறுப்புக்கு உறுப்பு வித்தியாசம். எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம், பாயசம் கொதிப்பது சில அடுப்புகளில் மட்டும்.

வைரஸை வரவேற்கவா உடல் இதைச் செய்கிறது? இல்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2-ஐ உடைப்பது இதன் வேலை. குடலில் அமினோ அமிலங்களை உறிஞ்சவும் துணைநிற்கிறது. 2000-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதம்தான் சார்ஸ் வைரஸின் வாசலும் என்பது 2003-இல் தெரியவந்தது.

அப்படியானால் நுரையீரல் ஏன் பாதிக்கப்படுகிறது? அங்கே காற்றறைகளின் இரண்டாம் வகைச் செல்களில் ஒரு சிறு பகுதி ஏசிஇ2 தயாரிக்கிறது. மூக்கின் உட்பரப்பிலோ சளி சுரக்கும் செல்களும் நுண்மயிர்ச் செல்களும் அதைத் தயாரிக்கின்றன. வைரஸின் முள்ளை வெட்டித் தயார்ப்படுத்தும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியும் அங்கே உண்டு. மூச்சோடு வரும் வைரஸுக்கு அது போதும்.

குடல் வாசல்களும் சும்மா இருக்கவில்லை. நோயாளிகள் பலரின் மலத்தில் வைரஸின் ஆர்என்ஏ தென்பட்டது. சாக்கடை நீரைச் சோதித்தே ஊரில் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணிக்க முடிந்தது அதனால்தான்.