வாகனத் திருத்தகத்தின் தரை எவ்வாறு அமைய வேண்டும்?

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கப்படும் வரை, இருந்த வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட வேண்டிய நிலை நாட்டில் நிலவியது. அக்காலத்தில் பழைய முச்சக்கர வண்டிகளும் லான்ட்மாஸ்டர்களும் லொறிகளும் வாகனத் திருத்தகங்களின் வாசலிலேயே காத்துக் கிடந்தன. கராஜ் என நாம் அழைக்கும் இவ்விடங்களுள் பெரும்பாலானவை வீட்டு முற்றத்தில் நான்கு தூண் நட்டுத் தகரம் போட்டுத் தொடங்கப்பட்டவை. ஆயுதங்களுக்கும் கூரைக்கும் பணம் தேடும் உரிமையாளர், தரையைப் பற்றிச் சிந்திப்பது இறுதியிலேயாகும்.

தரை என்பது அழகு சார்ந்த விடயம் மட்டுமன்று. மண் தரையில் சிந்தும் கழிவு ஓயில் மழை நீருடன் சேர்ந்து கீழிறங்குகின்றது. யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் தங்கியுள்ளது; மட்டக்களப்பு, கல்முனைக் கரையோரங்களில் அது மணலுக்கு அடியில் சில அடி ஆழத்திலேயே இருக்கின்றது. இரு நிலங்களிலுமே மேலே சிந்தும் எண்ணெயை வடிகட்டி நிறுத்தும் ஆற்றல் குறைவு. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெயினால் கிணறுகள் பாதிக்கப்பட்டமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கராஜ் அந்த அளவிற்கு எண்ணெய் கொட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், பத்து வருடங்களாக ஒரே இடத்தில் சொட்டும் எண்ணெய்க்கு அருகிலுள்ள கிணறு பெரும்பாலும் அந்த உரிமையாளரின் வீட்டுக் கிணறாகவே இருக்கின்றது.

எந்தப் பூச்சாயினும் அதன் வாழ்நாளைத் தீர்மானிப்பது அடியிலுள்ள கொங்கிறீற்றே. முச்சக்கர வண்டி, கார் ஆகியன வந்து போகும் தரைக்கு 4 அங்குலத் தடிப்பு போதும்; லொறி, உழவு இயந்திரம் ஏறுமாயின் கம்பி வலையுடன் 6 அங்குலம் தேவை. வீட்டு வேலைக்கு மேசன்மார் பயன்படுத்தும் 1:2:4 கலவையிலும் ஒரு பங்கு சீமெந்து, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு கருங்கல் என்ற கலவை இங்கு பொருத்தமானது. அடியில் தடித்த பொலித்தீன் விரிக்கப்படுவது அவசியமாகும். அது மண்ணின் ஈரம் மேலேறுவதைத் தடுக்கும். கொங்கிறீற் இறுகிய பின்னர் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வர வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிக் குறிப்பிட்டே ஆக வேண்டியுள்ளது. ஈரத் தரையின் மேல் வெறும் சீமெந்துத் தூளைத் தூவித் தேய்த்து மினுக்குவது நம்மவரிடையே வழக்கம். வீட்டு விறாந்தையில் அது நிலைக்கலாம். ஜக்கும் இரும்புச் சில்லும் உருளும் இடத்திலோ, அந்த மெல்லிய தோல் மயிர் வெடிப்புகள் விட்டு விரைவில் உரிந்துவிடும்.

பூச்சற்ற கொங்கிறீற்றுக்கு இரு குறைகள் உண்டு: தூசு கிளம்பும், எண்ணெயை உறிஞ்சும். முதலாவதற்கு மலிவான பரிகாரம், சிலிக்கேற்று வகையைச் சேர்ந்த இறுக்கித் திரவமாகும். அது கொங்கிறீற்றிலுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து நுண்துளைகளுக்குள் இறுகுவதால் மேற்பரப்பு கடினமடைகின்றது. மேலே படலம் எதுவும் இல்லாததால் உரிவதற்கும் எதுவுமில்லை. எனினும் எண்ணெய்க் கறையை அது முற்றாகத் தடுக்காது. பற்றறி அமிலத்திற்கும் தாக்குப்பிடிக்காது.

எப்பொக்சிப் பூச்சைப் பற்றியே அதிகம் கேட்கப்படுகின்றது. ஆனால் எப்பொக்சி என்ற பெயரில் இரு வேறு பொருட்கள் உள்ளன. ஒன்று, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அளவே தடிப்புள்ள பெயின்ற். மற்றையது, ஊற்றிப் பரப்பப்படும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் படலம். முதலாவது, வேலை நடக்கும் கராஜில் சூடான ரயர் நிற்கும் இடங்களிலேயே முதலில் கழன்று வரும். இரண்டாவது எண்ணெய்க்கும் நீர்த்த அமிலத்திற்கும் ஈடுகொடுக்கும். அதுவும் ஒட்டுவது, மேற்பரப்பு இயந்திரத்தால் உராயப்பட்டிருந்தால் மட்டுமே. புதிய கொங்கிறீற் குறைந்தது 28 நாட்கள் உலர வேண்டும். பின்னர் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனின் நான்கு விளிம்புகளையும் தரையோடு ஒட்டி, ஓரிரவு விட்டுப் பார்த்தல் வேண்டும். மறுநாள் அதன் அடியில் வியர்வை கண்டால் பூசுவதற்கு அது நேரமன்று. வடக்கு கிழக்கில் மாரி மாதங்களில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே மேல்.

எப்பொக்சிக்குப் பகைவர்களும் உண்டு. வெல்டிங் பொறி அதைக் கருக்கும். நேர் வெயில் மஞ்சளாக்கும். சிந்திய பிறேக் ஓயிலை உடனே துடைக்காவிட்டால் அது மென்மையடையலாம். யாவற்றிலும் பெரிய ஆபத்து வழுக்கல். எண்ணெய் படிந்த பளபளப்பான தரையில் கியர் பெட்டியைத் தூக்கி வரும் பையன் கால் தவறினால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. மேற்படை ஈரமாக இருக்கும்போதே சலித்த சிலிக்கா மணலைத் தூவுதல் அவசியம். மினுக்கம் குறைகின்றதே என உரிமையாளர்கள் முகம் சுளிப்பதுண்டு.

தரை ஓடுகளை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஓட்டின் கீழ் சிறு வெற்றிடம் இருந்தாலும் ஜக்கின் பாரம் அதை உடைத்துவிடும்.

எண்ணெய் ஊறிய பழைய தரையில் சிறிது நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் முத்து முத்தாக நின்றால் எந்தப் பூச்சும் அங்கு ஒட்டாது. சவர்க்காரத் தூளும் சூடான நீரும் கொண்டு பலமுறை தேய்த்தும் நிலை மாறாவிடில், அப்பகுதியை உடைத்துப் புதிதாக இடுவதே இறுதியில் செலவு குறைந்ததாகின்றது.

கையிருப்புக் குறைந்த ஒருவருக்கு நாம் கூறக்கூடியது: முழுத் தரைக்கும் நல்ல கொங்கிறீற்றும் இறுக்கித் திரவமும், எண்ணெய் மாற்றும் இடத்திற்கும் பற்றறி வைக்கும் மூலைக்கும் மட்டும் மணல் தூவிய தடித்த எப்பொக்சி, வெல்டிங் செய்யும் பகுதி வெறும் கொங்கிறீற்றாகவே இருக்கட்டும். தரை நூறு அடிக்கு ஓரடி வீதம் ஒரு கானை நோக்கிச் சரிய வேண்டும். அக்கான் வீதி வாய்க்காலில் நேரே விழாது, எண்ணெய் மேலே மிதந்து நிற்கக்கூடிய தடுப்புச் சுவர்த் தொட்டியினூடாகச் செல்ல வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டிய தொழில்களுள் வாகனத் திருத்தகங்களும் சேர்விஸ் நிலையங்களும் அடங்குவதால், கொங்கிறீற் போடும் முன்னரே இத்தொட்டிக்கான இடத்தை ஒதுக்குவது நல்லது. பின்னர் தரையை வெட்டித் தொட்டி கட்டுவதற்கு இரட்டைச் செலவு பிடிக்கும்.