முத்திரை விற்பனையில் ஏலமும் குறித்த விலையும்

சிலாபக் கடற்கரையில் மீன் ஏலம் கூறி விற்கப்படுகின்றது. பொழுது ஏற ஏற மீன் கெடுமாதலின், வந்த விலைக்கு விற்பதே அறிவு. அஞ்சல் முத்திரையோ ஒரு நாளிற் கெடுவதன்று. அதனை ஏலத்தில் விடுவதற்குக் காரணம் வேறு. அரிய முத்திரையின் விலை இன்னதென முன்னறிதல் இயலாது.

ஈபே தளத்தில் ஏலமே முந்தியது. 1995 இல் ஏலக்களமாகத் தோன்றிய ஈபே, 2000 இலேயே குறித்த விலைக்கு உடன் வாங்கும் முறையைச் சேர்த்தது. இலங்கையில் 1859 இல் வெளிவந்த நான்கு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரை போன்றது ஏலத்துக்கே உரியது. ஆயினும் ஏலவிலையை உறுதிசெய்பவன் வென்றவன் அல்லன். அவனோடு இறுதிவரை போட்டியிட்டு விலகியவனே. வேண்டுவான் ஒருவனேயாயின் அரும்பொருளும் தொடக்க விலைக்கே போய்விடும். உலகில் ஒன்றே எஞ்சியுள்ள பிரித்தானிய கயானா ஒரு சத முத்திரை, 2014 இல் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2021 இல் 83 இலட்சமே பெற்றது. முத்திரை அதுவே, போட்டியிட்டோர் வேறு.

பெருந்தொகையாக அச்சான பிற்கால முத்திரைகளுக்கு இவ்வலைச்சல் வேண்டா. அவற்றின் விலை பட்டியல்களில் உண்டு. அது பெருவணிகர் கேட்கும் விலையாதலின், தனியார் சற்றுக் குறைத்துக் குறித்துக் காத்திருத்தல் தகும். சிலாபத்து ஈரக் கடற்காற்றில் பசை இளகாமலும் பழுப்புப் புள்ளி விழாமலும் பேணுதல் மட்டும் வேண்டும்.